தூங்கத் தெரிந்த காவலாளிகள்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

"தூங்குகிறவன் கன்று கடாக்கன்று" என்று ஒரு பழமொழி உண்டு. இரண்டு பேருடைய எருமைகள் ஒரே இரவில் கன்று ஈன்றனவாம். விழித்திருந்தவன் தன் கடாக்கன்றைத் தூங்கினவன் தொழுவத்தில் விட்டுவிட்டு, அவனுடைய கிடாரிக்கன்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். பரீட்சை நெருங்கும்போது விடுதிக் காப்பாளரும், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் ஆசிரியர்களும் நமக்கு நினைவுபடுத்துகிற பழமொழி இது. கடைசி பெஞ்சு நண்பர்கள் மன்னிக்கவும்!

ஆனால் நண்பர்களே, இந்தப் பழமொழியை அப்படியே தலைகீழாகப் புரட்டிப்போடும் பாடம் ஒன்று எங்கள் துறையில் இருக்கிறது. அங்கே தூங்கத் தெரியாதவன் இருபது நாளில் செத்துப்போவான். தூங்கத் தெரிந்தவன் ஒன்பது மாதம் உயிரோடு இருப்பான். அதற்குக் கம்பியில்லா உணரி வலை என்று பெயர். ஆங்கிலத்தில் வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் என்பார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் நடத்தும் பாடத்தை வீட்டில் யாரிடமாவது சொல்லிப்பார்த்தால்தான் எனக்குப் புரிந்த மாதிரி இருக்கும். அப்படிச் சொல்லிப்பார்த்த பாடங்களில் எங்கள் வீட்டார் கேள்வி மேல் கேள்வி கேட்டது இந்த ஒரு பாடத்தில்தான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நோட்டு அல்ல, நோட்!

உணரி வலையில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நோட் என்று பெயர். "நூறு நோட் வாங்கி ஒரு காட்டில் போட்டால்..." என்று நான் ஆரம்பித்ததுமே அம்மா, "எத்தன பக்க நோட்டு சாமி? நூறு நோட்டுக்குக் காசு எங்க போறது?" என்று கேட்டுவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் கணு என்றே சொல்கிறேன். கரும்புக் கணு, மூங்கில் கணு மாதிரி.

ஒரு கணுவுக்குள் நாலு பொருள் உண்டு. வெப்பம், ஈரம், அசைவு என்று எதையாவது உணரும் உணரி ஒன்று. அதைப் படித்துக் கணக்குப் போடும் மைக்ரோ கன்ட்ரோலர் ஒன்று. சொல்லவும் கேட்கவும் ஒரு சின்ன ரேடியோ. இவற்றுக்கெல்லாம் சோறு போடும் பேட்டரி. கம்பி கிடையாது. கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. மலையிலோ காட்டிலோ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தால் அதுபாட்டுக்குக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

வலைக்கு வேலை இரண்டே இரண்டுதான். ஒன்று, பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு மூலைகூட விடாமல் யாராவது ஒரு கணுவின் பார்வையில் இருக்க வேண்டும். இதைப் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு, பார்த்த சேதி கணுவிலிருந்து கணுவுக்குக் கைமாறி, கடைசியில் தலைமை நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். இது தொடர்பு. பரப்பு இருந்து தொடர்பு இல்லை என்றால் ஊமை கண்ட கனவு. தொடர்பு இருந்து பரப்பு இல்லை என்றால் வெறும் அரட்டை.

இரண்டையும் பேட்டரி தீராமல் செய்ய வேண்டும். சிக்கலே அங்கேதான்!

பரண் பாடம்

எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம், மலை அடிவாரம். பள்ளத்தோரமாக ஆறு குடும்பங்களுக்கு அடுத்தடுத்துப் பூமி. மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் காட்டுப்பன்னிக்கு விருந்து. ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுபோட்டுவிட்டுப் போய்விடும். அதனால் மரத்தின் மேல் பரண் கட்டி, டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாக விடிய விடியக் காவல்.

முன்பு ஆறு குடும்பத்திலும் ஆளுக்கு ஒருவர் தினமும் பரணில் இருந்தார்களாம். பத்தே நாளில் எல்லாருக்கும் கண் சிவந்து, பகலில் வேலை செய்ய முடியாமல் போயிற்றாம். எங்கள் அப்பாரு பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்தான் ஒரு முறை வைத்தாராம். ஒரு நாளைக்கு மூன்று பரணில் மட்டும் ஆள். அந்த மூன்று டார்ச் வெளிச்சமும் சேர்ந்து ஆறு பூமியையும் தொட வேண்டும். ஒரு பரணிலிருந்து "ஓய்..." என்று குரல் கொடுத்தால் அடுத்த பரணுக்குக் கேட்க வேண்டும். மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியது. மறுநாள் ஆள் மாறும்.

டார்ச் வெளிச்சம் எட்டும் தூரம் உணரும் எல்லை. குரல் எட்டும் தூரம் தொடர்பு எல்லை. ஆள் மாறுவது முறைத் தூக்கம். என் பாடப்புத்தகத்தில் இருக்கும் மூன்று தலைப்பும் எங்கள் பள்ளத்தோரத்தில் இருந்தன. வகுப்பில் இதை நடத்தியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பறவைத் தீவும் இரண்டு பேட்டரியும்

இந்தத் துறையில் பெயர் பெற்ற ஒரு சோதனையைப் பார்ப்போமா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் ஐலண்ட் என்று ஒரு சிறு தீவு. பரப்பளவு 237 ஏக்கர். அங்கே ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடல்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டை இடுகிறது. அடைகாக்கும் முதல் இரண்டு வாரத்தில் மனிதர் போய்த் தொந்தரவு செய்தால் வளையை விட்டே போய்விடக்கூடிய பறவை அது. ஆனால் வளைக்குள் வெப்பம் எவ்வளவு, பறவை உள்ளே இருக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிய வேண்டும். என்ன செய்வது?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினரும், இன்டெல் ஆராய்ச்சிக்கூடத்தினரும், அந்தப் பகுதியின் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் கல்லூரியினரும் சேர்ந்து 2002ஆம் ஆண்டு கோடையில் அந்தத் தீவில் 32 கணுக்களை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நம் டார்ச் லைட்டில் போடும் சின்ன சைஸ் செல் இரண்டு. ஒன்பது மாதம் ஓட வேண்டும் என்பது திட்டம்.

இனி கணக்கு. கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்! அந்த செல்களிலிருந்து 2,200 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும் என்று வைத்தார்கள். ஒன்பது மாதம் என்பது 270 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு 8.148. அதுதான் ஒரு கணுவின் தினச்சம்பளம். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும்.

செலவுப் பட்டியலையும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சேதி அனுப்ப 20 நானோ ஆம்பியர்-மணி. ஒரு சேதியை வாங்க 8. உணரியை ஒரு தரம் இயக்க ஏறக்குறைய 1. யாராவது பேசுகிறார்களா என்று ரேடியோவைத் திறந்து காது கொடுத்துக்கொண்டிருக்க, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 1.25.

பார்த்தவுடன் என்ன தோன்றுகிறது? பேசுவதுதான் பெரிய செலவு, காது கொடுப்பது சில்லறைக் காசு என்றுதானே? அந்தச் சில்லறையை ஒரு நாள் முழுவதும் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 4.5 மில்லி ஆம்பியர்-மணி. 24 மணி நேரத்துக்கு 108. தினச்சம்பளம் 8.148, செலவு 108! இரண்டு செல்லும் இருபது நாளில் காலி. அதுவும் ஒரு வார்த்தை பேசாமலே.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். 16 மில்லி வினாடி சும்மா காத்திருந்தால், ஒரு முழுச் சேதி அனுப்பும் மின்சாரம் போய்விடுகிறது. நாம் ஒரு முறை கண் சிமிட்டும் நேரத்தில் ஐந்தாறு சேதிக்கான செலவு. பேசுவதாலோ பார்ப்பதாலோ கணு சாவதில்லை. எவனாவது கூப்பிடுவானோ என்று காத்திருந்தே சாகிறது.

இதை நான் சொன்னபோது அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, "பன்னிய முடுக்கறது ஒரு வேலையா சாமி? அஞ்சு நிமிசம். அது வருமா வராதான்னு உக்காந்திருக்கறதுதான் ஆளக் கொல்றது" என்றார். ஒன்பது பக்கக் கணக்கை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எத்தனை பேர் விழித்திருக்க வேண்டும்?

ஆகவே ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டும். எல்லாரும் தூங்கினால் காவல் போச்சு. குறைந்தபட்சம் எத்தனை பேர் விழித்திருந்தால் போதும்?

ஒரு கணு தன்னைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்கு உணரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் நிலத்தை வட்டங்களால் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். தென்னை நடவில் சதுர நடவு, முக்கோண நடவு என்று இரண்டு உண்டல்லவா? அதே இரண்டு வழி இங்கேயும். சதுரமாக வைத்தால் 14.14 மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தாங்குவது 200 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 50 கணு. முக்கோணமாக வைத்தால் 17.32 மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தாங்குவது ஏறக்குறைய 260 சதுர மீட்டர். 39 போதும். (வரப்போரக் கணக்கை விட்டுவிட்டேன்.) இதைவிடச் சிக்கனமாக வட்டங்களால் ஒரு தளத்தை மூட முடியாது என்று கெர்ஷ்னர் என்ற கணித அறிஞர் 1939இல் நிரூபித்துவிட்டார். அப்போது உணரி வலையும் இல்லை, ட்ரான்சிஸ்டரும் இல்லை!

பரப்பு சரி. தொடர்பு? அதற்கு ஓர் அழகான விதி இருக்கிறது. 2003இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், செயின்ட் லூயிஸ் ஆராய்ச்சியாளர்கள் எழுதியது. ரேடியோ எட்டும் தூரம் உணரும் தூரத்தைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், பரப்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டாலே போதும், தொடர்பு தானாக வந்துவிடும்.

நிரூபணம் கடினம் அல்ல. விழித்திருக்கும் கணுக்கள் ஒன்றுக்கொன்று பேச முடியாத இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டன என்று வையுங்கள். அப்படியானால் இந்தக் கூட்டத்தின் எந்தக் கணுவுக்கும் அந்தக் கூட்டத்தின் எந்தக் கணுவுக்கும் நடுவே, உணரும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி. இரண்டு பக்க வெளிச்ச வட்டமும் தொட்டுக்கொள்ளாது. நடுவில் இருட்டாக ஒரு சந்து இருந்தே தீரும். ஆனால் இருட்டே இல்லை என்பதுதானே நாம் முதலில் செய்த ஏற்பாடு? ஆகவே கூட்டம் பிரிந்திருக்க முடியாது. நிலம் முழுக்க வெளிச்சம் இருந்து, குரல் வெளிச்சத்தைப் போல இரண்டு மடங்கு எட்டினால், எந்தப் பரணும் தனித்து நிற்காது.

காகிதத்தில் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். காட்டில் பாறை மறிக்கும், மேடு மறிக்கும், செடி வளர்ந்து ஈரம் ஏறினால் அலை வலுவிழக்கும். அதனால் தேவைக்கு மேல் கணுக்களைத் தூவிவிட்டு, யார் தூங்கலாம் என்று அவர்களையே முடிவெடுக்க விடுகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தினர் 2003இல் வெளியிட்ட முறைக்கு பீஸ் என்று பெயர். (நாம் செமஸ்டருக்குக் கட்டும் ஃபீஸ் அல்ல!) தூங்கும் கணு அவ்வப்போது எழுந்து, "பக்கத்தில் யாராவது வேலை பார்க்கிறீர்களா?" என்று ஒரு குரல் கொடுக்கும். "நான் இருக்கிறேன்" என்று பதில் வந்தால் மறுபடி தூங்கிவிடும். பதில் வராவிட்டால் தானே வேலையில் இறங்கிவிடும். அதிகாரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும் காவல் நடக்கிறது.

அப்பா கேட்ட கேள்வி

இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா ஒரு கேள்வி போட்டார். "அது சரி சாமி. தூங்கறவனும் பேச மாட்டான், செத்தவனும் பேச மாட்டான். ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபுடிப்பே?"

அரை மணி நேரம் வைவா வைத்தாலும் இதைவிடப் பெரிய கேள்வி வராது. இதற்கு விடை, நேரம் தவறாமை. தூங்கப் போகும் கணு இன்ன நேரத்துக்கு எழுவேன் என்று சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். அந்த நேரத்துக்கு எழுந்து "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் தூங்கினவன். நாலைந்து தரம் சொல்லாவிட்டால் செத்தவன் என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனை எழுப்பிவிட வேண்டியதுதான். எஸ்-மேக் என்று 2002இல் வந்த முறையில், பக்கத்துக் கணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, பேசிவிட்டு, ஒரே நேரத்தில் தூங்கும்படி அட்டவணை போட்டுக்கொள்ளும். எழுந்திருக்கும்போது கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே பேசிப் பயன்?

இதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு கணுவின் கடிகாரமும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடுகிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் நல்ல படிகம்கூட ஒரு நாளைக்கு 1.7 வினாடி தப்பிவிடும். 16 மில்லி வினாடிக்குக் கணக்குப் பார்க்கும் உலகத்தில் 1.7 வினாடி என்பது ஒரு யுகம். ஆகவே எழும்போதெல்லாம் பக்கத்துக் கணுவோடு கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

செமஸ்டர் லீவில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஐந்து பெட்டி செய்து எங்கள் வரப்போரம் வைத்தோம். உடம்புச் சூட்டின் அசைவை உணரும் அகச்சிவப்பு உணரி, சின்ன ரேடியோ, பேட்டரி. உணரி மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கும். ஏதாவது அசைந்தால் அது கன்ட்ரோலரை எழுப்பும், கன்ட்ரோலர் ரேடியோவை எழுப்பும், பரணில் மணி அடிக்கும். மற்றபடி அரை மணிக்கு ஒரு தரம் "இருக்கிறேன்" என்று ஒவ்வொரு பெட்டியும் சொல்லும். அப்பாவின் கேள்விக்காகவே வைத்த ஏற்பாடு அது.

நாலாம் நாள் ராத்திரி மணி அடித்தது. அப்பா தகரத்தைத் தட்ட, பன்னிக் கூட்டம் பள்ளத்தில் இறங்கி ஓடியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரமும் பெட்டிகள் நன்றாகத் தூங்கின, அப்பா தூங்கவில்லை! அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, ஐந்து பெட்டியும் "இருக்கிறேன்" சொல்லிவிட்டனவா என்று விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு பருவம் பாத்துட்டு அப்பறம் தூங்கறேன் சாமி" என்கிறார். முப்பது வருடம் விழித்தே பழகிய உடம்பு. நம்பிக்கை என்பதை பேட்டரிக் கணக்கில் சேர்க்க முடியாது போலும்.

வாசலோரக் கணு

இப்போது இந்தப் பாடத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன்.

தூரத்துக் கணு நேராகத் தலைமை நிலையத்துக்குப் பேச முடியாது. தூரம் இரண்டு மடங்கானால் அலைபரப்பும் சக்தி குறைந்தது நாலு மடங்கு வேண்டும். ஆகவே கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிறார்கள். பத்துக் கணுவை வரிசையாக வைத்து, ஆளுக்கு ஒரு சேதி என்று வையுங்கள். கடைசிக் கணு தன் சேதியை மட்டும் அனுப்பினால் போதும். நிலையத்தின் வாசலோரம் இருக்கும் முதல் கணுவோ ஒன்பது பேர் சேதியையும் வாங்கி, தன்னுடையதையும் சேர்த்துப் பத்துச் சேதி அனுப்ப வேண்டும். பறவைத் தீவின் விலைப்பட்டியலை வைத்தே பார்க்கலாம். கடைசிக் கணுவுக்குச் செலவு 20. முதல் கணுவுக்கு அனுப்ப 200, வாங்க 72, ஆக மொத்தம் 272. கிட்டத்தட்ட 14 மடங்கு!

வாசலோரக் கணுதான் முதலில் சாகும். அது செத்த பிறகு மற்ற ஒன்பதிலும் பேட்டரி இருந்தும் பயன் இல்லை, வழி அடைபட்டுவிட்டது. இதை ஆற்றல் ஓட்டை என்கிறார்கள்.

என் ரெக்கார்டு நோட்டில் இந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். அந்த வாரம் நைட் ஷிப்ட். பத்தாவதில் கணக்கில் 91 வாங்கியவள். அதோடு நிறுத்திக்கொண்டாள். என் பஸ் பாஸ், பரீட்சைக் கட்டணம், லேப் கோட், அப்பாருவின் மருந்து, தம்பி செய்த ஐந்து பெட்டிக்கு வாங்கிய சாமான் எல்லாம் அவள் கை வழியாகத்தான் வந்தன. எங்கள் வீட்டுச் சேதி எதுவும் அவளைத் தாண்டாமல் போனதில்லை.

பத்துப் புள்ளியையும் பார்த்துவிட்டு, "அந்த மொதல் புள்ளிக்கு இன்னொரு பேட்டரி சேத்துப் போட்டா ஆகாதா தம்பி?" என்று கேட்டாள்.

"அதுவும் ஒரு வழிதான் அக்கா. ஆனா அதைவிட நல்ல வழி இருக்கு. முறை மாத்தறது" என்று லீச் முறையைச் சொன்னேன்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த முறை அது. எழுதியவர்கள் மூன்று பேர். வெண்டி ஹைன்சல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன். இவர்களில் சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர். பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர். நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி அல்லவா!

அவர்கள் முறைப்படி கணுக்கள் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்கின்றன. குழுவுக்கு ஒரு தலைமை. மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும் தலைமையிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம். தலைமைதான் விழித்திருந்து, எல்லாவற்றையும் கேட்டு, சுருக்கி, நிலையத்துக்கு உரக்கச் சொல்ல வேண்டும். பெரும் செலவு அதற்குத்தான். ஆனால் அந்தத் தலைமை நிரந்தரம் இல்லை. ஒரு சுற்று முடிந்ததும் வேறு கணு தலைமை ஏற்கும். நூற்றுக்கு ஐந்து பேர் தலைமை என்றால், ஒரு முறை சுமந்தவருக்கு, மற்ற எல்லாரும் சுமந்து முடிக்கும் வரை, அதாவது இருபது சுற்று முடியும் வரை, மறுபடி அந்தச் சுமை வராது. முதலில் செத்துப்போகும் கணு என்று ஒன்று தனியாக இருக்காது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வலை நெடுநாள் உயிரோடு இருக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாத்தலாம் தம்பி. மாத்தறதுக்கு இன்னொரு புள்ளி தயாரா இருக்கணுமல்லோ" என்றாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மில் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நமக்கு என்ன?

இந்த வலைகள் எங்கோ பறவைத் தீவில் மட்டும் இல்லை. நமக்கு அடுத்த கேரளத்தில் மூணாறு மலைப்பகுதியில், நிலச்சரிவை முன்கூட்டி அறிய அமிர்தா பல்கலைக்கழகத்தினர் 2000-களின் இறுதியிலேயே மண்ணுக்குள் உணரிகளை இறக்கி ஒரு வலை அமைத்தார்கள். மலைச்சரிவில் பேட்டரி மாற்ற யார் ஏறி இறங்குவது? மழை இல்லாத நாளில் எப்போதாவது ஒரு முறை பார்த்தால் போதும். மழை வலுக்கும்போது அடிக்கடி பார்க்க வேண்டும். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்ற அதே கேள்விதான். ஆனால் அங்கே காவலில் இருப்பது கதிர் அல்ல, மனித உயிர்.

நண்பர்களே, நம்மில் பாதிப்பேர் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். டிப்ளமோதானே என்று சிலர் சொல்லலாம். உணரியைச் சால்டர் வைத்து, பெட்டிக்குள் போட்டு, மழையில் நனையாமல் கட்டி, மரம் ஏறி மாட்டி, பேட்டரிக் கணக்குப் பார்க்க நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்? டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும், குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பாடங்களைச் சொல்லிப்பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். பத்துப் புள்ளி வைத்து உங்கள் வீட்டுப் படத்தை ஒரு தடவை வரைந்து பாருங்கள். வாசலோரத்தில் யார் நிற்கிறார்கள், எத்தனை சுற்றாக நிற்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஏழு வருடம். எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும், கேம்பஸ் இன்டர்வியூவில் எது கிடைத்தாலும் சேர வேண்டும் என்று இருக்கிறேன். திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது சேர்வதற்கான விவரங்களைக் கேட்டு வாங்கி, அக்காவின் பத்தாவது மார்க் ஷீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் சொல்வேன், இன்னொரு புள்ளி தயார் என்று.